ரியர் புரொஜெக்‌ஷன் டிவி சும்மா கிடைக்கிறதாம், எடுக்கலாமா?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் வீட்டில் 61 அங்குல டிஎல்பி ரியர் புரொஜெக்‌ஷன் டிவி ஓரமாகக் கிடக்கிறதாம். காசு வேண்டாம், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்கிறார்களாம். பெட்டிக்குள்ளேயே ஒரு புரொஜெக்டர் இருந்து, திரையின் பின்பக்கத்திலிருந்து படத்தைப் பாய்ச்சுகிற பழைய வகைப் பெரிய டிவி இது; டிஎல்பி என்பது அந்தப் படத்தை உருவாக்கும் சிப்பின் வகை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியதே பல்தான். டிவியைப் போட்டு, முழுக்கக் கறுப்பான படம் ஒன்றை வரவைத்து, ஓரடி தள்ளி நின்று திரையை மூலைக்கு மூலை பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் எத்தனை? மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தப் புள்ளி மேல் எனக்கு இருக்கும் கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. சமீபத்தில்தான் இதற்காக என் டிவியில் சிப் மாற்றி முடித்தேன். அந்தச் சூடு ஆறாமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

டிஎல்பி சிப்பில் இருப்பவை லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் லேரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த சங்கதி. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தால் லேம்ப் ஒளி லென்ஸுக்குள் போகும், மறு பக்கம் சாய்ந்தால் வெளியே தள்ளப்படும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படிச் சாய்ந்து சாய்ந்துதான் வெளிச்சத்தின் அளவே தீர்மானமாகிறது. இதில் ஏதாவது ஒரு கண்ணாடி லென்ஸ் பக்கமாகவே ஒட்டிக்கொண்டால், கலர் வீலின் (லேம்ப் ஒளிக்கு நிறம் கொடுக்கச் சுழலும் வண்ணக் கண்ணாடித் தட்டு) எல்லா நிறமும் அதன் வழியாக நிற்காமல் போகும். அதனால்தான் புள்ளி சிவப்பாகவோ பச்சையாகவோ இல்லாமல் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. மறு பக்கம் ஒட்டினால் கறுப்புப் புள்ளி. அது அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

இன்னொரு கூத்தும் உண்டு. 1080பி என்று விற்ற இந்த டிவிகள் பலவற்றில் சிப்பில் இருப்பது 960 × 1080 கண்ணாடிகள்தான். படத்தை நொடிக்குப் பலமுறை அரைப் பிக்சல் அளவு நகர்த்தி, ஒரே கண்ணாடியை இரண்டு பிக்சலுக்கு வேலை வாங்குவார்கள். சாதாரணமாகப் பார்த்தால் குறையே தெரியாத நல்ல உத்தி. ஆனால் ஒரு கண்ணாடி பழுதானால் கெடுவது இரண்டு பிக்சல். 61 அங்குலத் திரையில் அது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். இரவுக் காட்சியில் கதாநாயகன் முகத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்கு மேல் வேறெதுவும் தெரியாது.

ஒன்றோடு நின்றால் பொறுத்துப் போகலாம். நிற்காது. வெப்பமும் வயதும் சேர்ந்து செய்கிற வேலை இது. முதல் புள்ளி வந்துவிட்டால் அடுத்தடுத்து வரிசை கட்டி வரும். சில மாதங்களில் திரை முழுக்கத் தூவிவிட்டது போலாகிவிடும். எல்சிடி திரைக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரையை விரலால் அழுத்துவது, தேய்ப்பது எல்லாம் வீண். இந்த டிவியின் திரையில் பிக்சலே கிடையாது, அது வெறும் அக்ரிலிக் தகடு. மெனுவில் ரீசெட் செய்வதாலும் ஒன்றும் ஆகாது. மங்கலாக, விளிம்பு கலைந்து தெரிகிற கறையாக இருந்தால் அது உள்ளே எங்கோ படிந்த தூசு, ஊதினால் போகும். விளிம்பு வெட்டியது போலச் சதுரமாக, எந்தப் படம் வந்தாலும் அசையாமல் அதே இடத்தில் நின்றால் கண்ணாடிதான். சிப்பை மாற்றியே தீர வேண்டும்.

மாற்றுவது கடினமான வேலையில்லை, அவசரப்படக் கூடாத வேலை. பிளக்கைப் பிடுங்கி லேம்ப் ஆற அரை மணி நேரமாவது விடுங்கள். முதலில் லேம்பைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். பின் மூடியைக் கழற்றினால் லைட் இன்ஜின் (சிப், கலர் வீல், லென்ஸ் எல்லாம் அடங்கிய பகுதி) ஒரு தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கனெக்டரையும் பிடுங்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கனெக்டர்கள் ஒரே மாதிரி இருந்து மாட்டும்போது குழப்பும். இன்ஜினின் ஒரு முனையில் ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) பொருத்திய சிறு போர்டு தெரியும். ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூக்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரே ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றிவிடாமல், குறுக்கு மூலையாக மாற்றி மாற்றி அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள்.

சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், சால்டரிங் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் சாக்கெட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் பூட்டு ஒன்று இருக்கும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பினால் பிடி விடும். திரும்பவில்லை என்று பலம் கொடுத்தால் பிளாஸ்டிக் முறியும், அதோடு போர்டு போச்சு. கையில் நிலைமின்சாரத்தை வடிக்கும் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு சிப்பை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். புதியதன் மூலைக் குறியைப் பழையதோடு ஒத்துப் பார்த்து வையுங்கள். கண்ணாடி ஜன்னல் மேலிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசி நொடியில் உரியுங்கள். அதன் மேல் தூசு விழுந்தால் ரப்பர் பல்பால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் திவலை விழும். காற்று ஊதும் ஸ்பிரே டின்னைச் சாய்த்துப் பிடித்தால் திரவம் தெறித்துக் கறையாகும். பின்பக்கத்தில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, புதிய தெர்மல் பேஸ்ட் பாதி அரிசி அளவு நடுவில் மட்டும். தொடர்புப் புள்ளிகள் மேல் வழியக் கூடாது.

திருப்பி மாட்டும்போது மறுபடியும் அதே குறுக்கு மூலை, அரைச் சுற்று. ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகிவிட்டால் சிப் சரிந்து உட்காரும். டிவியைப் போட்டதும் செங்குத்தாகக் கோடு கோடாக வரும், அல்லது படமே வராது. புது சிப் டூப் என்று விற்றவரைத் திட்டும் முன் கழற்றி இன்னொரு முறை உட்காரவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். லேம்ப் கதவை மூடினால்தான் அழுந்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. மூடாமல் போட்டுப் பார்த்து "டிவி செத்துவிட்டது" என்று பதறுவது பலர் செய்கிற வேலை.

சிப் வாங்கும்போது டிவி மாடலை மட்டும் நம்பாதீர்கள். பழைய சிப்பின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண்ணைக் கேளுங்கள். 720பி சிப்பும் 1080பி சிப்பும் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். திரை உடைந்த டிவியிலிருந்து கழற்றிய சிப் மலிவாகக் கிடைக்கும். அதற்கும் உங்களுடையதன் வயதுதான். இன்னொரு முறை இதே கூத்தை ஆட விருப்பமிருந்தால் வாங்குங்கள்.

புதுச் சிப்புக்கு ஆயுள் கூட வேண்டுமானால் குளிர்ச்சி ஒன்றுதான் வழி. டிவிக்கும் சுவருக்கும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி. காற்று நுழையும் ஜாலியை மாதம் ஒரு முறை வேக்குவமால் இழுப்பது. லேம்ப் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹீட் சிங்க் இடுக்குகளில் சாம்பல் நிறத் தூசு பாய் போலப் படிந்திருப்பதைத் தூரிகையால் எடுப்பது. டிவியை அலமாரிக்குள் செருகி வைத்தவர்கள் சிப்பையும் லேம்பையும் கலர் வீலையும் ஒருசேர வேகவைக்கிறார்கள்.

இவ்வளவு புலம்பிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை: படம் அருமை. பழைய சினிமாவை இருட்டறையில் இதில் பார்க்கும்போது தோல் தோலாகத் தெரிகிறது. பந்து பறக்கும்போது பின்னால் வால் இழுப்பதில்லை. சேனல் லோகோ மணிக்கணக்கில் ஒரே மூலையில் நின்றாலும் தடம் பதியாது, பிளாஸ்மாவிலும் சிஆர்டியிலும் (படக்குழாய் டிவி) இருந்த அந்தப் பயம் இங்கே இல்லை. 60 அங்குலத்துக்கு மேலான திரை, எடை 30 முதல் 45 கிலோதான். மூன்று குழாய் வைத்த பழைய சிஆர்டி ரியர் புரொஜெக்‌ஷன் நூறு கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்பதே பெரிய விஷயம்.

ஆனால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுந்து நின்றால் படம் மங்கும். திரைக்குப் பின்னாலுள்ள ஃபிரெனல் தகடு ஒளியை நேராக்கும். முன்னாலுள்ள வரிவரியான லென்டிகுலர் தகடு அதைப் பக்கவாட்டில் விரிக்கும். மேலும் கீழும் அவ்வளவாக விரிப்பதில்லை, வெளிச்சத்தைச் சேமிக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஸ்டாண்டின் உயரம் முக்கியம். உட்கார்ந்திருப்பவர் கண் திரையின் நடுவுக்கு நேரே வர வேண்டும். பாயில் படுத்துப் பார்க்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு இது சரிவராது. திரையைத் துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடவே கூடாது. நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான துணி, போதும்.

லேம்ப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. உள்ளே 200 வளிமண்டல அழுத்தத்தில் பாதரச ஆவி, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில் எரியும் ஒளிவில் (ஆர்க்). ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். தினம் 5 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 1,825 மணி. சட்டென்று அணைவதைவிட மெல்ல மெல்ல மங்குவதுதான் வழக்கம், கண் பழகிப்போவதால் மாற்றும்வரை தெரியாது. இருட்டுக் காட்சி சேறாகத் தெரிந்து, பிரைட்னஸைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றால் லேம்புக்கு வயதாகிவிட்டது. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி வெடிக்கும். வெடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். மாற்றிய பிறகு மெனுவில் லேம்ப் டைமரை ரீசெட் செய்யுங்கள். ரிமோட்டில் அணைத்த பின் ஃபேன் ஓடி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. அடிக்கடி கரண்ட் போகிற இடமென்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று அவசியம். விளம்பர இடைவேளைக்கெல்லாம் அணைத்துப் போடும் பழக்கமும் லேம்பைத் தின்றுவிடும்.

டிவி எரியாமல் மக்கர் செய்தால் காதைக் கொடுங்கள். பவர் அழுத்தியதும் மெல்லிய விசில் ஏறினால் கலர் வீல் சுற்றுகிறது. விசில் இல்லாவிட்டால் வீல் அல்லது அதன் மோட்டார் டிரைவர். விசில் வந்து, டிக் டிக் என்று சத்தம் கேட்டும் ஒளி வரவில்லை என்றால் லேம்ப் அல்லது பேலஸ்ட் (லேம்பை எரியவைக்கும் மின்சுற்று). முதலில் லேம்பை மாற்றிப் பாருங்கள். எரிந்து சில நிமிடத்தில் அணைந்தால் ஃபேனையும் தூசையும் சந்தேகியுங்கள். விசிலே இரைச்சலாகி அடுத்த அறைக்குக் கேட்டால் வீலின் பேரிங் முடிந்தது. புது வீலை உலோகச் சட்டத்தில் பிடித்து மாட்டுங்கள், வண்ணக் கண்ணாடியில் கைரேகை கூடாது.

டிஎல்பி இல்லாமல் வேறு வகையாக இருந்தால் சுருக்கமாக: சிஆர்டி என்றால் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாமல் வளைந்து நின்றால் மூன்று நிறத்தையும் ஒன்றாகப் பொருத்தும் எஸ்டிகே வரிசை கன்வர்ஜென்ஸ் ஐசி போயிருக்கும். லென்ஸுக்குப் பின்னாலுள்ள திரவம் கலங்கியிருந்தாலும் வேண்டாம். எல்சிடி வகையில் வெள்ளைப் படத்தைப் போட்டு நீலக் கறையோ மஞ்சள் கறையோ தெரிந்தால் ஆப்டிகல் பிளாக் (எல்சிடி பேனல்களும் வடிகட்டிகளும் உள்ள பகுதி) வெந்துபோயிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

உதிரிபாகம் வருடாவருடம் குறைந்துகொண்டே போகும். சோனி 2007 கடைசியிலேயே இந்த வகையை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் கைவிட்டது. 4கே எல்லாம் இதில் கிடையாது. ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டினால் அவுட்புட்டை 1080பி என்று கையால் அமைத்துவிடுங்கள், தானாகத் தேர்வு செய்ய விட்டால் சில சமயம் திரை கறுப்பாகவே நிற்கும்.

படத்துக்கு மட்டும் மார்க் என்றால் பத்துக்கு எட்டு. டிவிக்கு, இன்றைய கடுப்பில், நான்கு. எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். அதையும் மீறி எடுப்பதாக இருந்தால், கறுப்புப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்க வேண்டும், அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். கொண்டுவரும்போது நிமிர்த்தியே வைத்துக் கொண்டுவாருங்கள். படுக்கவைத்தால் உள்ளே பெரிய கண்ணாடி நகரும், திரைத் தகடு தொய்யும். லேம்பைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாட்டி, கதவை மூட மறக்காதீர்கள்.