கிரானைட் குவாரி ஏற்றுமதியும் ஜிஎஸ்டி ரீஃபண்டும்: இரு வழிகளின் மதிப்பீடு

ஏற்றுமதிக்கு வரியில்லை என்பது சட்டத்தின் பேச்சு. வெட்டியெடுத்த கல் கப்பலேறும்போது அதன்மீது வரி விழக்கூடாது, அதை வெட்டியெடுப்பதற்காகக் கட்டிய வரியும் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதற்காகவே ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஏற்றுமதியைப் பூஜ்ய விகித விநியோகம் என்று வகுத்திருக்கிறது. இந்த வாக்குறுதியை நிறைவேற்ற அரசு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கிரானைட் பிளாக்குகளை ஏற்றுமதி செய்வோரின் கணக்கை எழுதும் ஒருவர் கண்ணோட்டத்தில் அவ்விரண்டையும் ஒரு சேவையாக எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் கிரானைட் பிளாக்குகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், அதற்கு முன்பு இவ்விஷயத்தில் சொல்லப்பட்டு வந்த ஆலோசனைகளில் பாதி இன்று செல்லுபடியாகாது.

முதலில் ஒரு குவாரிக்குள் வரி எந்தெந்த வாசல்கள் வழியாக நுழைகிறது என்று பார்த்துவிட வேண்டும். வெட்டியெடுக்கும் கல்லுக்காக அரசுக்குச் செலுத்தும் சீனியரேஜ் தொகைக்கும் குத்தகைத் தொகைக்கும், விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதம் ஜிஎஸ்டியைக் குவாரி உரிமையாளரே ரொக்கமாகக் கட்ட வேண்டும். வெடிபொருள், டைமண்ட் வயர், கம்ப்ரசர் உதிரி பாகங்கள், ஜாக்ஹேமர், இந்த வட்டாரத்தில் ஹிட்டாச்சி என்றே எல்லோரும் அழைக்கும் எக்ஸ்கவேட்டர் என ஏறக்குறைய அனைத்துக்கும் 18 சதவீதம். விற்கும் பொருளுக்கு 5, வாங்கும் பொருளுக்கு 18 என்றால் வாங்கும்போது கட்டிய வரியை வரவாக வைக்கும் மின்னணு வரவுப் பேரேட்டில் பணம் சேர்ந்துகொண்டே போவது இயல்பு. அந்தப் பணத்தை வங்கிக் கணக்குக்குக் கொண்டுவருவதே இந்தச் சேவையின் வேலை.

டீசல் மட்டும் இந்தக் கணக்கிலேயே சேராது. குவாரியின் அன்றாடச் செலவில் மிகப் பெரிய பங்கு அதற்கே போகிறது; ஆனால் அது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால், லிட்டருக்கு லிட்டர் கட்டும் கலால் வரியிலும் மாநில வாட் வரியிலும் ஒரு பைசாகூட வரவாக எழுத முடியாது. ஒரு காலத்தில் இதற்கொரு மாற்று வழி இருந்தது. சி படிவத்தைக் கொடுத்து வெளிமாநிலத்திலிருந்து 2 சதவீத மத்திய விற்பனை வரியில் டீசல் வாங்கலாம் என்ற சலுகை ஜிஎஸ்டி வந்த பிறகும் சுரங்கத் தொழிலுக்குத் தொடர்கிறது என்று ராம்கோ சிமெண்ட்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி அந்தக் கதவையும் சாத்திவிட்டது. இத்தகைய புதைந்த வரிகளுக்கு ஈடாக 2021 ஜனவரி முதல் ரோடெப் என்ற ஏற்றுமதி ஊக்கத் திட்டம் நடைமுறையில் உள்ளது என்றாலும், அது தருவது ரொக்கமன்று, சுங்க வரி கட்டுவதற்கு உதவும் மின்னணுச் சீட்டு. இறக்குமதியே செய்யாத குவாரிக்காரர் அதைத் தள்ளுபடி விலையில் யாருக்காவது விற்க வேண்டியிருக்கிறது.

இனி முதல் வழி. எல்யூடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, வரி கட்டாமலேயே சரக்கை அனுப்பி, பேரேட்டில் தேங்கிய உள்ளீட்டு வரியை ஆர்எஃப்டி-01 மூலம் திரும்பக் கேட்பது. உறுதிமொழிக் கடிதத்தைப் பதிவு செய்வது சில நிமிட வேலைதான். இதுவரை அரசு வடிவமைத்த படிவங்களில் இவ்வளவு எளிதானது குறைவு என்று தயங்காமல் சொல்லலாம். 2019 செப்டம்பர் 26 முதல் விண்ணப்பம், ஆவணங்கள், உத்தரவு, பணப் பட்டுவாடா அனைத்தும் ஒரே இணையதளத்தில் நடப்பதும், மத்திய வரி, மாநில வரி இரண்டையும் ஒரே அதிகாரி அனுமதிப்பதும் பெரிய முன்னேற்றம். அதற்கு முன்பு இணையதளத்தில் நிரப்பிய படிவத்தை அச்செடுத்து, கட்டுக் காகிதங்களோடு அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பாதிப் பணம் ஓரிடத்திலும் மறு பாதி வேறிடத்திலும் வரக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை 89(4)ஆம் விதியின் சூத்திரம் தீர்மானிக்கிறது. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்த மதிப்பை நிகர உள்ளீட்டு வரியால் பெருக்கி, மொத்த விற்றுமுதலால் வகுக்க வேண்டும். கிரானைட்டுக்கு இதில் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஏற்றுமதி மதிப்பு என்பது சுங்கத் துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் காட்டிய எஃப்ஓபி மதிப்பு (கப்பல் வாடகையும் காப்பீடும் சேராத விலை), இன்வாய்ஸ் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் என்று 2022 ஜூலையில் விளக்கம் சேர்த்தார்கள். கல் கனமான சரக்கு. கப்பல் வாடகை விலையில் கணிசமான பங்கு வகிக்கும். வாடகையும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலையில் ஒப்பந்தம் போடுபவர் இன்வாய்ஸ் தொகையை அப்படியே சூத்திரத்தில் இட்டால், அதிகாரி குறைக்கும் தொகையைக் கண்டு திகைக்க நேரிடும். இரண்டாவது இடறல் இதைவிடப் பெரிது: நிகர உள்ளீட்டு வரி என்பதில் பொருட்களும் சேவைகளும் மட்டுமே அடங்கும், மூலதனப் பொருட்களுக்குக் கட்டிய வரி அடங்காது. சீனியரேஜ்மீது கட்டிய வரி உள்ளே வரும். ஹிட்டாச்சிக்குக் கட்டிய வரி வராது.

இரண்டாவது வழி, ஏற்றுமதிச் சரக்குக்கு ஐஜிஎஸ்டி எனப்படும் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியைப் பேரேட்டிலுள்ள வரவிலிருந்தே கட்டி, அந்த வரியைச் சுங்கத் துறையிடமிருந்து ரொக்கமாகப் பெறுவது. இங்கே தனி விண்ணப்பமே கிடையாது. 96ஆம் விதிப்படி ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கருதப்படும். விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றுமதியைக் காட்டும் 6ஏ அட்டவணையும் வரி கட்டும் அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பியும் தாக்கலாகி, கப்பல் நிறுவனம் ஏற்றிச் சென்ற சரக்குப் பட்டியலான இஜிஎம்மைப் பதிந்து, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் பணம் தானாக வங்கிக்கு வந்துவிடும். பொருந்தாவிட்டால் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பிழைக் குறியீடு தெரியும். எஸ்பி005 என்றால் இன்வாய்ஸ் எண் ஒத்துப்போகவில்லை. எஸ்பி006 என்றால் இஜிஎம் கிடைக்கவில்லை. கணக்காளர் ஒரு எண்ணும் சுங்க முகவர் வேறொரு எண்ணும் எழுதுவதாலேயே முதல் பிழை வருகிறது. இன்வாய்ஸ் எண்ணில் சாய்கோடு, முன்னால் பூஜ்யம் என்று அலங்காரம் செய்யாமல் வைத்துக்கொண்டால் இந்தப் பிழையில் பெரும்பகுதி மறைந்துவிடும். அதிகாரியைச் சந்திக்காமல், பதில் கடிதம் எழுதாமல் பணம் வருகிறது என்ற ஒரு காரணத்துக்காகவே பலர் இவ்வழியை விரும்புகிறார்கள், அது நியாயமும்கூட. மூலதனப் பொருள், மற்றப் பொருள் என்ற பாகுபாடும் இங்கே இல்லை. பேரேட்டில் இருக்கும் எந்த வரவையும் கொண்டு ஐஜிஎஸ்டி கட்டலாம்.

ஆனால் வரி விகிதம் குறைந்ததன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு மாதத்தில் 80 லட்சம் ரூபாய்க்கு ஏற்றுமதி, 20 லட்சத்துக்கு உள்நாட்டு விற்பனை. வழக்கமான உள்ளீட்டு வரி 6 லட்சம். அந்த மாதம் 50 லட்சத்துக்கு வாங்கிய எக்ஸ்கவேட்டருக்கான வரி 9 லட்சம். எல்யூடி வழியில் சூத்திரம் தருவது 6 லட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 4.8 லட்சம். மிச்சமுள்ள 1.2 லட்சமே உள்நாட்டு விற்பனையின் 1 லட்சம் வரியைக் கட்டப் போதுமானதாக இருப்பதால், எக்ஸ்கவேட்டரின் 9 லட்சம் அசையாமல் கிடக்கும். ஐஜிஎஸ்டி வழியில் 80 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 4 லட்சம்தான் வெளியே வரும். உள்நாட்டு வரி 1 லட்சத்தையும் சேர்த்தால் மாதம் 5 லட்சம் கழிகிறது. புதிதாகச் சேர்வதோ 6 லட்சம். ஆக, 9 லட்சம் கரையாததோடு மாதாமாதம் இன்னும் ஒரு லட்சம் ஏறிக்கொண்டே போகும். பழைய 12 சதவீதத்தில் இதே குவாரி ஏற்றுமதிக்கு 9.6 லட்சமும் உள்நாட்டுக்கு 2.4 லட்சமுமாக மாதம் 12 லட்சத்தைக் கழித்து, எக்ஸ்கவேட்டர் வரவை இரண்டாம் மாதத்திலேயே தீர்த்திருக்கும். வரி குறைப்பு என்று கொண்டாடப்பட்ட ஒரு நடவடிக்கை, ஏற்றுமதிக் குவாரியின் வடிகாலை இப்படிச் சுருக்கிவிட்டது.

பாலிஷ் செய்த கிரானைட் பலகைகளுக்கு இன்னும் 18 சதவீதம் என்பதால், சொந்தமாக அறுப்பு ஆலை வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ஐஜிஎஸ்டி வழியிலேயே தொடரலாம். பிளாக்குகளை மட்டும் அனுப்புவோர் மீண்டும் எல்யூடி வழிக்கு வருவதே மேல் என்பது என் கணிப்பு. அவர்கள் புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுப்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை என்பது உள்ளீட்டுச் சேவை, அதற்குக் கட்டிய வரி சூத்திரத்துக்குள் வந்துவிடும். ஒரு சட்டம் தொழில்முனைவோரை இயந்திரம் வாங்காதே, வாடகைக்கு எடு என்று தள்ளுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது. மூலதனப் பொருட்களையும் நிகர உள்ளீட்டு வரியில் சேர்ப்பது ஒன்றே இதற்குச் சரியான தீர்வு.

இரு வழிகளையும் ஒரே மாதத்தில் கலக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சட்டம் தடுக்கவில்லை, சூத்திரம் தண்டிக்கிறது. ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பிய சரக்கு மேலே தொகுதியில் சேராது, கீழே பகுதியில் மட்டும் நிற்கும். எனவே எல்யூடி வழியில் கிடைக்க வேண்டிய விகிதம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு மாதம் முழுவதையும் ஒரே வழியில் அனுப்புவது நல்லது.

எல்யூடி வழியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். தவறினால் 18 சதவீத வட்டியோடு வரியைக் கட்ட வேண்டும். துணி, மருந்து போன்ற சரக்குகளுக்கு இது பொருட்டில்லை. கல்லின் கதை வேறு: வாங்குபவரின் ஆள் வந்து பிளாக்கைத் தட்டிப் பார்த்து, விரிசல் கழித்து, அளந்து குறியிட்ட பிறகே கப்பல் பேச்சு தொடங்கும். குறியிடாத பிளாக்குக்கு முன்கூட்டியே ஏற்றுமதி இன்வாய்ஸ் போடாமலிருப்பது ஒன்றே பாதுகாப்பு.

விண்ணப்பம் தாக்கலான 15 நாளுக்குள் ஆர்எஃப்டி-02 ஒப்புதலோ ஆர்எஃப்டி-03 குறைபாட்டுக் குறிப்போ வர வேண்டும். குறைபாட்டுக் குறிப்பு வந்தால் விண்ணப்பம் செத்ததாகவே அர்த்தம். திருத்த முடியாது, புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் கோப்பு ஒன்றுக்கு, ஏற்கெனவே இணைத்திருந்த ஒரு பட்டியலையே கேட்டு இக்குறிப்பு வந்ததுண்டு. இரண்டாண்டுக் காலவரையறையில் முதல் விண்ணப்பத்துக்கும் குறிப்புக்கும் இடைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2021 மே மாதம் விதியைத் திருத்தியிருப்பது ஆறுதல். குவாரிக் கோப்புகளில் அதிகம் கேள்வி எழுப்பும் இடம் சீனியரேஜ் வரிதான். அது, விற்பவர்கள் தாக்கல் செய்வதிலிருந்து உருவாகும் 2பி அறிக்கையில் பிறருடைய இன்வாய்ஸாகத் தெரியாது. குவாரிக்காரரே எழுதும் சுய இன்வாய்ஸும், வரி கட்டிய செலானும், கனிமவளத் துறைக்குப் பணம் கட்டிய ரசீதும் சேர்ந்தே அதை நிரூபிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் சுய இன்வாய்ஸை 30 நாளுக்குள் எழுதியாக வேண்டும் என்பதால், ஆண்டு முடிவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதும் பழக்கம் இனி ஆபத்து.

ஒப்புதலுக்குப் பிறகு ஏழு நாளில் 90 சதவீதத்தைத் தற்காலிகமாக விடுவிக்கலாம், 60 நாளுக்குள் இறுதி உத்தரவு, தாமதமானால் 6 சதவீத வட்டி என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தற்காலிக ரீஃபண்டுக்கு யார் தகுதி என்பதைக் கணினி அமைப்பு ஆபத்து மதிப்பீட்டின்படி அடையாளம் காட்டுகிறது. அலுவலரின் விருப்பத்துக்கு இருந்த இடம் இதனால் குறையும் என்பதால் இதை வரவேற்கிறேன்.

கிரானைட்டுக்கு ஏற்றுமதித் தீர்வை இல்லை என்பது இத்தொழிலின் அதிர்ஷ்டம். இரும்புத் தாது ஏற்றுமதியாளர்கள் அப்படிக் கொடுத்து வைத்தவர்கள் அல்லர். தீர்வை விதிக்கப்பட்ட சரக்குக்குத் தேங்கிய உள்ளீட்டு வரியைத் திருப்பித் தர மாட்டோம் என்று 54(3)ஆம் பிரிவு தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தது. 2022 மே மாதம் தரம் குறைந்த தாதுவுக்கும் 50 சதவீதத் தீர்வை விழுந்தபோது அதை அனுப்புவோரும் அதில் சிக்கி, நவம்பரில் தீர்வை நீங்கும் வரை காத்திருந்தார்கள். ஐஜிஎஸ்டி வழியேனும் திறந்திருந்தது என்ற நிலையும் 2024 நவம்பர் 1 முதல் மாறி, தீர்வை உள்ள சரக்குக்கு இரு வழிகளும் அடைபட்டுவிட்டன.

ரீஃபண்ட் வங்கிக்கு வந்த பிறகும் ஒரு கடமை மிஞ்சியிருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டம் குறித்த காலத்துக்குள் வாங்குபவரின் பணம் வராவிட்டால், அந்த அளவுக்கு ரீஃபண்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது 96பி விதி. வெளிநாட்டுத் துறைமுகத்தில் கல்லை இறக்கிய பிறகு விரிசல் இருக்கிறது என்று விலையைக் குறைப்பது இத்தொழிலில் வழக்கமானது என்பதால், அப்படிக் குறைத்த ஒவ்வொரு முறையும் வங்கி வழியாக அதற்கு அனுமதி பெற்று, அந்தக் கடிதத்தை ஷிப்பிங் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட வேண்டும்.