யார் லாபியிஸ்ட்? கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும்

பிறரிடம் காசு வாங்கிக்கொண்டு, அவர்களுக்குச் சாதகமாகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசுகிறவர்தான் லாபியிஸ்ட். அவர் யார் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அமெரிக்க மாநிலங்களில் லாபியிஸ்ட் பதிவு.

கலிஃபோர்னியா முக்கியமாகப் பார்ப்பது நேரடிப் பேச்சை. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் அதற்காக ஒரு மாதத்தில் 2,000 டாலர் வாங்கினால் லாபியிஸ்ட். நிறுவனத்தின் சொந்த ஊழியருக்கு அளவுகோலே வேறு: மாத வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இதற்குப் போயிருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது இதுதான். மாதம் ஒரு வாரம் முழுக்க மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் உட்கார்ந்து பேசும் மேலாளர்கூடப் பதிவு செய்ய வேண்டியதில்லை. காலாண்டில் 5,000 டாலர் செலவிட்ட நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும், சரி. ஆனால் பேசிய ஆள் பதிவேட்டில் வரமாட்டார்.

நியூயார்க்கில் நேரக் கணக்கு இல்லை. ஊதியமும் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 5,000 டாலரைத் தாண்டினால் பதிவு. மக்களைத் தூண்டி உறுப்பினர்களுக்கு எழுதவைக்கும் பிரசாரமும், நகராட்சிகளிடம் பேசுவதும்கூட இதில் அடக்கம். சின்னத் தொண்டு அமைப்புகளும் மாட்டிக்கொள்ளும், அது சிரமம்தான். அப்படியும் நான் நியூயார்க் பக்கம்தான். நேரத்தைக் குறைத்து எழுதிவிடலாம், சம்பளப் பட்டியலை மறைப்பது கடினம்.