கோட் காட்டிய சென்சாரை மாற்றுவதா, முதலில் மீட்டர் வைப்பதா?

ஆட்டோமேட்டிக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே கியரில் சிக்கிக்கொள்கிறது. எவ்வளவு மிதித்தாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரைத் தாண்டுவதில்லை. கியர்பாக்ஸைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவு இது. லிம்ப் மோட் என்பார்கள். கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறுக் கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0717 என்று வருகிறது, அதாவது கியர்பாக்ஸுக்குள் வரும் ஷாஃப்ட்டின் வேகத்தை அளக்கும் இன்புட் ஸ்பீட் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. சரி, அடுத்து என்ன?

புது சென்சார் வாங்கி மாட்டிவிடுவது எளிய வழி. இதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸின் வெளிப்பக்கம் ஒரே போல்ட்டில் நிற்கும் சென்சார் என்றால் கழற்றி மாட்ட அதிக நேரம் ஆகாது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கோட் சென்சாரை மட்டும் குற்றம் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் வரை போகும் சர்க்யூட் முழுவதையும் சொல்கிறது. பச்சை பூத்த கனெக்டர், சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகிய வயர், இவற்றுக்கும் அதே கோட்தான் வரும். நானும் ஒருமுறை புது சென்சார் போட்டேன். மறுநாளே கோட் திரும்பி வந்தது. கனெக்டருக்குள் ஒரு உலோக முனை (பின்) பின்பக்கமாக நழுவியிருந்தது. அதை முன்னால் தள்ளியதோடு வேலை முடிந்தது. பழைய சென்சார் இன்னும் நல்ல நிலையில் என் டப்பாவில் கிடக்கிறது.

அதனால் வோல்ட், ஓம்ஸ் அளக்கும் மல்டிமீட்டருக்கே என் முதல் ஓட்டு. ஆனால் எந்தச் சென்சார் என்று தெரியாமல் மீட்டரை வைத்தாலும் பயனில்லை. காந்தமும் காயிலும் கொண்ட பழைய வகையில் இரண்டு வயர் இருக்கும். அதன் மின்தடையை (ஓம்ஸ்) சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடலாம். ஷாஃப்ட் சுழலும்போது ஏசி வோல்ட் வேகத்தோடு கூடுகிறதா என்றும் பார்க்கலாம். காந்தப்புல மாற்றத்தை உணரும் ஹால் வகையில் பெரும்பாலும் மூன்று வயர்: சப்ளை, கிரவுண்ட், சிக்னல். உள்ளே மின்னணுச் சிப் இருப்பதால் இதில் ஓம்ஸ் பார்ப்பது வீண். சப்ளையும் கிரவுண்டும் கனெக்டர் வரை வருகின்றனவா, சென்சார் பார்க்கும் பல்சக்கரம் சுழலும்போது சிக்னல் மேலும் கீழும் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு வயரில் ஓடும் புதிய ஹால் சென்சார்களும் உண்டு. எனவே வயரை எண்ணியதும் முடிவுக்கு வந்துவிடாமல் வயரிங் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மீட்டர் தோற்கும் இடம், எப்போதாவது வந்து போகும் கோளாறு. கண்ணிமைக்கும் நேரம் சிக்னல் அறுந்தால் மீட்டர் அதைத் தவறவிட்டுவிடும். அங்கே சிக்னலை அலைவடிவமாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ராஜா. எல்லோரிடமும் அது இருக்காது. கார் ஓடும்போதே சென்சார் அளவுகளை (லைவ் டேட்டா) பதிவுசெய்யும் ஸ்கேனர் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள கியரில் போகிறீர்கள் என்று வையுங்கள். இன்புட் 2000 சுற்று என்றால், வெளியே போகும் ஷாஃப்ட்டின் அவுட்புட்டும் 2000 காட்ட வேண்டும். இன்புட் மட்டும் ஒரு நொடியில் சுழியத்துக்கு விழுந்து மறுபடி 2000-க்கு எகிறினால், நிஜமான ஷாஃப்ட் அப்படி நின்று கிளம்ப முடியாது. சென்சாரோ வயரோதான் காரணம். மாறாக இன்புட் வழுவழுப்பாக 2400 வரை ஏறி இறங்கினால், உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. எத்தனை சென்சார் மாற்றினாலும் அது தீராது. தவறான கியர் விகிதம் என்று சொல்லும் பி0730 வந்தால் இந்தப் பரிசோதனை இல்லாமல் எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

ரேஞ்ச் சுவிட்ச் விஷயத்தில் கேள்வியே வேறு: மாற்றுவதா, நகர்த்திச் சரிசெய்வதா? லீவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். பி0705 இதன் கோட். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது, பார்க்கில் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் சுவிட்சோ கேபிளோ இடம் மாறியிருக்கும். பல சுவிட்சுகளில் போல்ட் துளை நீளவாட்டில் இருக்கும். லீவரை நியூட்ரலில் வைத்து, குறிக்கோடுகளைச் சேர்த்து, போல்ட்டை முறுக்கினால் போதும். சரிசெய்த பிறகும் லீவரை மெல்ல நகர்த்தும்போது ஸ்கேனரில் நிலை துள்ளினால் உள்ளே தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். சுவிட்சையே தாண்டி வயரை நேரே இணைத்து ஸ்டார்ட் செய்வது மூன்றாவது வழி என்று சிலர் சொல்வார்கள். கியரில் இருக்கும்போதே எஞ்சின் கிளம்பி கார் பாயும். அதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆயில் வெப்ப சென்சாருக்கு மீட்டரே வேண்டாம், ஸ்கேனரும் பொறுமையும் போதும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் ஆயில், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று மூன்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று அசையாமல் நின்றால் பெரும்பாலும் சர்க்யூட் அறுந்திருக்கிறது. இதிலும் ஒரு பொறி உண்டு. 1996-இல் வந்த மெர்சிடிஸ் 722.6 கியர்பாக்ஸில் இந்த சென்சார், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் தொடர்போடு ஒரே வரிசையில் இணைந்திருக்கிறது. பார்க், நியூட்ரலில் ஆயில் வெப்பம் கம்ப்யூட்டருக்குப் போவதே இல்லை. எஞ்சின் வெப்பத்தைத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஒப்பீடு அங்கே ஏமாற்றும்.

அதே கியர்பாக்ஸில் ஸ்பீட் சென்சார்களும் உள்ளே ஒரே மின்தட்டில் இருக்கின்றன. இப்படிப்பட்டவற்றில் ஆயிலை வடித்து, அடியில் உள்ள ஆயில் தட்டை (பேன்) இறக்கினால்தான் சென்சார் கைக்கு எட்டும். வெளியே மாட்டும் சென்சாரில் சந்தேகத்தின் பேரில் மாற்றிப் பார்ப்பது மன்னிக்கக்கூடிய தவறு. இங்கே அது இல்லை. அப்புறம், உள்ளே போகும் பாகத்துக்கு ஒரிஜினலோ அதைத் தயாரித்துத் தரும் நிறுவனத்தின் பாகமோதான் போடுவேன். வெளிப்பக்க சென்சாருக்கு நல்ல மாற்றுத் தயாரிப்பு போதும். பழைய வண்டியில் கழற்றிய சென்சார் வேண்டவே வேண்டாம், அதுவும் அதே சூட்டில் அத்தனை வருடம் வெந்ததுதானே. எதைப் போட்டாலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் (ஓ ரிங்) புதிது, ஆயில் கையேடு சொன்ன வகை, அளவு பார்ப்பது சொல்லப்பட்ட வெப்பத்தில்.

லீவர் பார்க்கை விட்டு நகரவே மறுக்கிறதா? இவ்வளவுக்கும் முன்னால் பிரேக்கை மிதித்து, பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் வேலை பெரும்பாலும் பிரேக் பெடலின் சின்ன சுவிட்சிலோ ஒரு ஃபியூஸிலோதான் இருக்கும்.