இரு பக்கமும் 192.168.1.0: சோர்ஸையும் டெஸ்டினேஷனையும் சேர்த்து மாற்ற எது தோது?

இரண்டு அலுவலகங்களை டனல் (இணையத்துக்குள் ஒரு தனி வழி) போட்டு இணைக்கப் போகிறோம்; இரு பக்கமும் ஓடுவது 192.168.1.0/24 என்ற ஒரே சப்நெட் (முகவரித் தொகுதி). எதிர்ப்பக்க ரவுட்டரில் நாம் கை வைக்க முடியாது. அப்போது பாக்கெட்டின் சோர்ஸ் (அனுப்புநர் முகவரி), டெஸ்டினேஷன் (பெறுநர் முகவரி) இரண்டையும் நம் ரவுட்டரே மாற்றியாக வேண்டும். முகவரி மாற்றத்துக்கு நேட் என்று பெயர்; 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2663 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இப்படி இரண்டையும் மாற்றுவதற்கு ‘ட்வைஸ் நேட்’ என்று பெயர் வைத்தது.

ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்வோம். நம் கணினி 192.168.1.20, அவர்கள் சர்வர் 192.168.1.50. நமக்கு அவர்கள் 10.2.2.0/24 ஆகத் தெரிய வேண்டும், அவர்களுக்கு நாம் 10.1.1.0/24 ஆக. நம் கணினி 10.2.2.50-க்கு அனுப்புகிறது. டனலுக்குள் போகும்போது அது 10.1.1.20-இலிருந்து 192.168.1.50-க்குப் போகும் பாக்கெட்டாக இருக்க வேண்டும்.

இங்கே பார்க்கப் போகும் எல்லாக் கருவிகளும் இதைச் செய்யும். ரூட்டிங் (பாக்கெட் எந்த வழியே போவது என்ற முடிவு) முதலில் நடக்கிறதா, முகவரி மாற்றம் முதலில் நடக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

லினக்ஸில்தான் அதிகம் படுத்தும். ப்ரீரவுட்டிங் என்ற முதல் கட்டத்தில் டெஸ்டினேஷன் மாறும், பிறகு ரூட்டிங், கடைசியாக போஸ்ட்ரவுட்டிங் கட்டத்தில் சோர்ஸ். இரண்டு இடத்திலும் நெட்மேப் விதி எழுதினால் முழு சப்நெட்டும் ஒன்றுக்கொன்றாக மாறிவிடும். ஆனால் ரூட்டிங் பார்க்கும் நேரத்தில் டெஸ்டினேஷன் ஏற்கெனவே 192.168.1.50 ஆகியிருக்கும். அது நம் சொந்த லேன்தானே (அலுவலக உள் நெட்வொர்க்) என்று ரவுட்டர் பாக்கெட்டை உள்ளேயே திருப்பி விடும். இதைத் தடுக்க, முகவரி மாறுவதற்கு முன்பே மேங்கிள் டேபிளில் (பாக்கெட்டில் அடையாளம் வைக்கும் விதிப் பட்டியல்) மார்க் போட்டு, அந்த மார்க் உள்ளவை டனல் வழியே போகத் தனி ரூட்டிங் டேபிள் வைக்க வேண்டும். அதோடு முடியாது. திரும்பி வரும் பாக்கெட்டின் சோர்ஸ் 192.168.1.50, லேனில் இருக்க வேண்டியது டனலில் வருகிறதே என்று, ஆர்பி ஃபில்ட்டர் (பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்ற சோதனை) கண்டிப்பான நிலையில் இருந்தால், கெர்னல் சத்தமில்லாமல் தூக்கிப் போடும். அதைத் தளர்த்தியே ஆக வேண்டும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பதில் வருவது தெரியும், கணினிக்குப் போய்ச் சேராது. பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் டெஸ்டினேஷன் மாற்றம் ரூட்டிங்குக்கு முன்புதான், ஆகவே அதே பாடு.

சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ் இந்த ஒரு விஷயத்தில் அழகாக ஒத்துவருகிறது. இன்சைடிலிருந்து (நம் லேன் பக்கம்) அவுட்சைட் (டனல் பக்கம்) போகையில் ரூட்டிங் முதலில், மாற்றம் பிறகு. 10.2.2.0/24-க்கு டனல் பக்கம் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) இருந்தால் போதும். வெளியேறும் வழி முடிவான பிறகே முகவரி மாறுகிறது. திரும்பும்போது மாற்றம் முதலில், ரூட்டிங் பிறகு. ஆனால் நம் முகவரியை மாற்றும் இன்சைட் சோர்ஸ், அவர்கள் முகவரியை மாற்றும் அவுட்சைட் சோர்ஸ் இரண்டும் தனித்தனி விதிகள், ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை. இணைய இணைப்பும் அதே ரவுட்டரில் நேட் அவுட்சைடாக இருந்தால், அந்தப் பக்கம் போகும் பாக்கெட்டுகளின் சோர்ஸும் 10.1.1.x ஆகிவிடும்.

அந்தக் குறை சிஸ்கோவின் ஃபயர்வாலான ஏஎஸ்ஏவில் இல்லை. 8.3 பதிப்பிலிருந்து சோர்ஸ், டெஸ்டினேஷன் இரண்டும் ஒரே வரியில். இந்த டெஸ்டினேஷனுக்குப் போனால் மட்டுமே இந்த சோர்ஸ் மாறும் என்று சொல்லிவிடலாம். எந்த இன்டர்ஃபேஸ் வழியே வெளியேறுவது என்பதையும் அந்த வரியே முடிவு செய்யும். கவனிக்க வேண்டியது வரிசை: சோர்ஸில் உண்மை முகவரி முன்னால், டெஸ்டினேஷனில் மாற்று முகவரி முன்னால்.

தேர்வு என் கையில் இருந்தால் ஏஎஸ்ஏ, அடுத்து ஐஓஎஸ். மார்க், ரூட்டிங் டேபிள் எல்லாம் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு மட்டும் லினக்ஸ்.

பெயரைக் கொடுத்தால் முகவரி தரும் டிஎன்எஸ் தனிக் கதை. எதிர்ப்பக்க டிஎன்எஸ் 192.168.1.50 என்று பதில் சொன்னால் நம் கணினி லேனிலேயே தேடும். ஐஓஎஸ் பதிலுக்குள் இருக்கும் முகவரியையும் மாற்றித் தரும். லினக்ஸ் அதைத் தொடாது. ஏஎஸ்ஏவில் டெஸ்டினேஷன் சேர்த்த விதிக்கு டிஎன்எஸ் மாற்றம் போட முடியாது. அந்த இரண்டிலும் 10.2.2.50 என்ற பதிலைத் தரும் டிஎன்எஸ் பதிவை நம் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும்.