இரவு பத்தரை மணி வகுப்பு

லண்டனில் இருக்கிற தங்கச்சிதான் என்னை இதில் சேர்த்துவிட்டாள். அனோரெக்சியா, அதாவது சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்துபோகிற மனநோய், வந்த பிள்ளைகளைப் பார்க்கிற வீட்டாருக்கான பயிற்சி, சூமில் ஆறு கிழமை. எவ்வளவு கட்டினாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் வட்டக்கச்சியில் இரவு பத்தரை. முதல் நாளே கரண்ட் போய், டேட்டாவும் முடிந்து, பாதியில் நின்றுவிட்டது.

இரண்டாம் வகுப்பில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லண்டன் பேராசிரியர் ஜேனட் ட்ரெஷரும் கூட வேலை செய்தவர்களும் உருவாக்கிய முறையாம். வீட்டாரை மிருகங்களாகப் பிரிக்கிறார்கள். பிள்ளையை மடிப்பைக்குள் பொத்தி வைப்பது கங்காரு. நியாயம் பேசி முட்டுவது காண்டாமிருகம், அது எங்கள் வீட்டில் இவர். அழுது கரைகிற சொறிமுட்டை (ஜெலிமீன்) நான்தான். ஆக வேண்டியது டொல்பினாம்: நீந்துகிறவருக்கு ஒருக்கால் முன்னால், ஒருக்கால் பக்கத்தில், ஒருக்கால் பின்னால். சைக்கிள் பழக்கும்போது சீற்றைப் பிடித்தபடி ஓடுவோமே, அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் இடியப்பத்தை ஒவ்வொரு இழையாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வழமையாக "சாப்பிடன் பிள்ளை" என்று கெஞ்சத் தொடங்கியிருப்பேன். அன்று, "உனக்குக் கஷ்டம் எண்டு தெரியுது, நான் இதிலயே இருக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிக் கதைத்தேன். நாற்பது நிமிடம். சொதி ஆறிப்போனது, ஆனால் கோப்பை காலி. அடுத்த நாள் திரும்பவும் சண்டை, அது வேறு கதை.

குறை என்றால், எல்லா உதாரணமும் டோஸ்டும் பாஸ்தாவும். மாமி, சித்தப்பா, வந்துபோகிற சனம் எல்லாம் "என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்" என்று கேட்கிற வீட்டுக்கு ஒரு வரியும் இல்லை. இங்கிலிஸ் வேகம் வேறு. பெறாமகன் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்திராவிட்டால் பாதி போயிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்துக்காகவே காசு தகும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு நினைப்பைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்களாம். என் மகளும் தான் தொடாமல் எல்லோருக்கும் சமைக்கிறாள், இரவெல்லாம் சமையல் வீடியோ பார்க்கிறாள். "முள்ளிவாய்க்கால்ல கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம் நாங்கள், இவளுக்கு அருமை தெரியாது" என்று ஏசுகிற மாமியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பங்கருக்குள்ள இருந்து இரவிரவா ஒடியல் கூழ் காச்சிற கதைதானே கதைச்சனாங்கள்" என்றார். அதற்குப் பிறகு அவளின் கோப்பையை எட்டிப் பார்ப்பதில்லை.

சேருகிறவர்கள் வகுப்பின் வீடியோப் பதிவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், ஒரு கிழமையில் அழித்துவிடுகிறார்கள். தலைசுற்று, மயக்கம் என்றால் வகுப்பைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லி அவர்களே முதல் நாள் சொன்னார்கள். மகளுக்கு நாடியும் இரத்தமும் பார்ப்பது இப்போதும் டொக்டர்தான்.