மர அம்பு எங்கே உடைகிறது, எதைக் காப்பாற்றலாம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

மர அம்பு எய்கிற எவரிடமும் உடைந்த துண்டுகள் போட ஒரு டப்பா இருக்கும். என்னுடையதைக் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே மாதிரி: முனை மாட்டிய இடத்தை ஒட்டி, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு அங்குலம் பின்னால் முறிந்தவை. நடுவில் ஒடிந்தவை குறைவு, நாக் (நாணில் மாட்டும் பின்நுனிப் பள்ளம்) பக்கம் பிளந்தவை அதைவிடக் குறைவு. 45 பவுண்டு இழுவிசை உள்ள வில்லில் வருடக்கணக்காக மர அம்பு மட்டுமே எய்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: அம்பு என்றைக்காவது உடையத்தான் போகிறது, ஆனால் முன்பக்கம் உடைந்தால் மீட்டுவிடலாம். அதனால் செய்யும்போதே அந்த இடத்தை மனதில் வைத்துத்தான் செய்கிறேன்.

அங்கே ஏன் உடைகிறது? முனைக்குள் நுழைவதற்காகத் தண்டின் நுனியை 5 பாகைக் கூம்பாகச் சீவுகிறோம். மரம் அங்கே மெலிகிறது. மெலிந்து முடியும் இடத்தில் உலோக முனையின் பின்விளிம்பு உட்காருகிறது. கல்லிலோ வேரிலோ பட்டால் முனை சட்டென்று நின்றுவிடும், பின்னால் வரும் தண்டு நிற்காது. அந்த விசை முழுவதும் விளிம்பை ஒட்டித்தான் இறங்கும்.

ஆனால் கல்லையும் வேரையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இலக்கிலிருந்து பிடுங்கும்போது உடைவதும் கணிசம். இறகுப் பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் போச்சு. ஒரு கையை அம்பை ஒட்டி இலக்கின் முகத்தில் ஊன்றி, மற்ற கையால் தண்டை இலக்குக்கு வெகு அருகில் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும். ஃபோம் இலக்கு தண்டை நன்றாகக் கவ்விக்கொள்ளும், முன்பகுதியில் காய்ந்த சோப்பையோ மெழுகையோ தேய்த்துவிட்டால் சுலபமாக வரும். இன்னொன்று, எல்லா அம்பையும் ஒரே புள்ளிக்கு விடாமல் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி வைத்துக்கொள்வது. இலக்கில் நிற்கும் அம்பின்மேல் அடுத்த அம்பு மோதுவது இதனால் பெருமளவு குறைந்தது.

மரத்தைப் பற்றி. போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் எய்வதற்கு இனிமையானது, உடைந்தால் வாசனையும் வரும் (அந்த ஆறுதல் மட்டும் உண்டு), ஆனால் முனைக்குப் பின்னால் சீக்கிரம் முறியும். டக்ளஸ் ஃபர் கொஞ்சம் கனம், அடி தாங்கும். மூங்கில் எல்லாவற்றையும்விட முரடு. ஆனால் ஒரே விறைப்புள்ள தண்டுகளைத் தேடிப் பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும். எந்த மரமானாலும் நான் முதலில் பார்ப்பது இழையோட்டத்தைத்தான். இழை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் நீளமான, சாய்வான முறிவு வரும். வில் பிடித்த கையைக் குத்தும் முறிவு அது. அப்படிப்பட்ட தண்டை எவ்வளவு நேராக இருந்தாலும் வாங்குவதில்லை.

எதிலாவது வேகமாக மோதிய அம்பை அடுத்து நாணில் வைக்கும் முன் இரு நுனியையும் பிடித்து மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றி நாலு திசையிலும் பார்ப்பேன். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டாலும் அது ஒதுக்கப்படும். பஞ்சால் தண்டை வருடினால் கண்ணுக்குத் தெரியாத சிம்பும் மாட்டிக்கொள்ளும்.

சரி, திருத்தம். புதுத் தண்டை வெட்டும்போதே எனக்குத் தேவையான நீளத்தைவிட ஒன்றரை அங்குலம் கூட விடுகிறேன். முனையை ஹாட் மெல்ட் பசையால்தான் ஒட்டுவேன், சூடு காட்டினால் கழன்றுவிடும். உள்ளே மரத்துண்டு சிக்கிக்கொண்டால் அதில் ஒரு சின்ன மரத்திருகாணியை ஏற்றி, முனையைக் குறட்டால் பிடித்துச் சூடாக்கி, திருகாணியோடு இழுத்தால் துண்டு வந்துவிடும். தண்டில் முறிந்த பகுதியை நறுக்கி, கூம்பு சீவும் டேப்பர் கருவியில் சீவி, மறுபடி ஒட்டினால் வேலை முடிந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: தண்டு ஒரு அங்குலம் குறைந்தால் வில்லில் அது ஏறக்குறைய 5 பவுண்டு கூடுதல் ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு) உள்ளதுபோல் நடந்துகொள்ளும். அதனால் திருத்தியவை எனக்குத் தனிக் கட்டு. புதியவற்றோடு கலந்தால் ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்று மண்டை காய வேண்டியதுதான்.

நறுக்க நீளம் போதாதபோதுதான் ஃபுட்டிங், அதாவது முன்பகுதிக்குக் கடினமரம் ஒட்டுவது. இது பழைய யுக்திதான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 வருடத்துக்கும் முந்திய ஓட்ஸி மனிதரின் அம்பு ஒன்றிலேயே முன்பகுதி வேறு மரம். நான் செய்யும் விதம்: சுமார் 8 அங்குல நீளமுள்ள சதுரக் கடினமரக் குச்சியின் நடுவில் 5, 6 அங்குலம் நேராக அறுத்துப் பிளவு எடுப்பேன். தண்டின் நுனியை இரண்டு பக்கமும் அதே நீளத்துக்குச் சீராகச் சீவிக்கொள்வேன். எபாக்சி தடவி, தண்டைப் பிளவுக்குள் இறுக்கமாகச் செருகி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையை இழுத்துச் சுற்றிவிடுவேன். ஒருநாள் முழுக்கத் தொடக் கூடாது. அப்புறம் இழைப்புளியால் மூலைகளை எடுத்து, உப்புத்தாளால் உருட்டித் தேய்த்தால் கடினமரம் இரண்டு நீண்ட கூர்நாக்குகளாகத் தண்டில் இறங்கியிருப்பது தெரியும். சீவலின் முகம் சமமாக இல்லாவிட்டால் பசைக்கோடு தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும், அந்த ஒட்டை நம்பமாட்டேன். இப்படிச் செய்த அம்புகள் சாதாரண சீடரைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் ஒன்றுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. மரவேலை பிடித்தவர்கள் மட்டும் இறங்கலாம்.

நாக் பக்கம் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. மரத்திலேயே பள்ளம் வெட்டுபவர்கள் வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும், இழையோடு சேர்த்து வெட்டினால் நாண் ஆப்பு மாதிரி பிளந்துவிடும். பள்ளத்துக்குக் கீழே பசையோடு பட்டுநூல் கட்டினால் இன்னும் பத்திரம்.

நடுவில் ஒடிந்ததைப் பசை போட்டு நூல் சுற்றி மறுபடி எய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நாணை விடும் நொடியில் தண்டு வளைவது அந்தப் பகுதியில்தான், ஒட்டு விட்டால் பின்துண்டு நேராக வில் பிடித்த கைக்கு வரும். அவற்றிலிருந்து முனையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வேன். இறகைச் சேதமில்லாமல் சீவி எடுப்பதற்குள் புது இறகே ஒட்டிவிடலாம்.