ஸ்லாக் அட்ஜஸ்டர்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

லாரியின் ஏர் பிரேக்கில், லைனருக்கும் (உரசி நிறுத்தும் பட்டை) சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்தான் ஸ்லாக் அட்ஜஸ்டர்.

விலை: மேனுவல் மலிவு, ஆட்டோ கூடுதல்.

வேலை: மேனுவலில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, லைனர் டிரம்மைத் தொடும்வரை ஸ்பேனரால் திருகி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். லைனர் தேயத் தேய இதே வேலைதான். ஆட்டோ, பிரேக் மிதிக்க மிதிக்கத் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும்.

கிரீஸ்: இரண்டுக்கும் வேண்டும்.

ஆட்டோவில், பிரேக் மிதிக்கும்போது காற்றழுத்தத்தால் அட்ஜஸ்டரைத் தள்ளும் தண்டான புஷ் ராட் அதிகம் நீண்டால் (டைப் 30 என்ற அளவுள்ள சாதாரண பிரேக் காற்று சேம்பரில் 2 அங்குலத்துக்கு மேல்) உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். லைனரை டிரம்மோடு அழுத்தும் கேம் ஷாஃப்டோ, அதைத் தாங்கும் புஷ்ஷோ, அட்ஜஸ்டரோ தேய்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் திருகிவிட்டு மலை இறங்குவது உயிரோடு விளையாடுவது.

உள்ளூரில் மண் அடிக்கும், மெக்கானிக் அடிக்கடி பார்க்கும் டிப்பருக்கு மேனுவல் போதும். தொப்பூர் கணவாய் இறங்கும் தொலைதூர லாரிக்கு ஆட்டோதான். ஒரே அச்சில் இரண்டையும் கலக்காதீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.